இரண்டு பேர் மடித்த விரிப்பு

எங்கள் சலவைக்கூடத்தில் அவளை நீளக்கை என்றுதான் கூப்பிடுவோம். ஏதாவது காணாமல் போனால் சந்தேகப்பட வேண்டிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவர் சோப்புத் துண்டைக்கூடக் கேட்காமல் எடுக்காதவள். நிஜமாகவே கை நீளம், அவ்வளவுதான். கடையில் எந்தச் சட்டை வாங்கினாலும் மணிக்கட்டுக்கு முன்னாலேயே நின்றுவிடும். அவளுக்கு ஜோடியாக வேலை செய்தவள் அவளுடைய நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை. பெயர் குட்டி. உயரத்திலும் குட்டி, வீட்டில் கடைசியாகப் பிறந்ததிலும் குட்டி. தலை பாதி நரைத்த பிறகும் குட்டிதான்.

நான் இவர்களுக்குப் பக்கத்தில் உருளை இயந்திரத்தில் நிற்பவள். ஈர விரிப்பை ஒரு பக்கம் செருகினால், சூடான உருளைகளுக்கு நடுவே போய்ச் சுருக்கமில்லாமல் மறுபக்கம் வரும். அதை எடுத்து மடிப்பது அவர்கள் வேலை. ஓட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு எல்லாம் எங்களிடம் வரும். யார் அதில் என்ன செய்துவிட்டு அனுப்பினாலும் நாங்கள் வெள்ளையாகத் திருப்பி அனுப்புவோம். என்னை வாயாடி என்பார்கள். அந்த இரைச்சலில் கத்திப் பேசினால்தான் யார் காதிலாவது விழும். அதை ஒருத்தரும் யோசிப்பதில்லை.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து உதறி நீளவாக்கில் மடித்த பிறகு, ஒருத்தி நடந்துபோய்த் தன் முனைகளை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுக் குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்து மேலே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே வந்து விலகுவார்கள். அண்ணியும் நாத்தனாரும் இதில் ஒரு சந்திப்பையும் வீணாக்கியதில்லை. கிட்டே வரும்போதெல்லாம் ஒரு வரி சண்டை.

"முனையச் சரியாப் பிடி."

"கோணலா இழுக்கிறது நீ. என்னைச் சொல்லாதே அண்ணி."

விலகுவார்கள், உதறுவார்கள், மறுபடி வருவார்கள்.

"காலையில பாத்ரூம்ல அவ்வளவு நேரம் என்ன பண்ணினே?"

"கோட்டை கட்டினேன்."

அடுத்த விரிப்பு.

"கட்டின கோட்டைல குழாயை மூடிட்டு வரணும்னு தெரியாதா?"

"உன் புருஷன் மூடாம வந்தாரு. அவரைக் கேளு."

இப்படித் துண்டு துண்டாக, சாயங்காலம் வரைக்கும். நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். புதிதாக வந்தவர்கள் இவர்கள் இன்றைக்கே பிரிந்துவிடுவார்கள் என்று பயப்படுவார்கள். ஆனால் அவர்கள் மடித்து வைத்த அடுக்கில் ஒரு விரிப்பின் விளிம்பும் பிசகி இருக்காது.

குட்டி கல்யாணம் ஆகிப் போய், ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. நானும் அதே கட்டடத்தில் கீழே இருக்கிறேன், அதனால் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. அறையின் மூலையில் ஒரு திரை. அதற்குப் பின்னால் குட்டியின் படுக்கை. அண்ணன் பெயிண்டர். வேலை இருந்த நாளில் தலையெல்லாம் வெள்ளையாக வருவார், இல்லாத நாளில் முகம் வெளுத்து வருவார். குட்டி உடை மாற்ற வேண்டுமென்றால் அவர் மாடிப்படியில் போய் நிற்க வேண்டும். இத்தனை நெருக்கடியிலும் அந்த வீட்டில் அவள் குரல் தாழ்ந்து நான் கேட்டதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அண்ணிக்குச் சமமாக அவளும் சம்பாதித்தாள். வீட்டுச் செலவில் சரிபாதி போட்டாள். ஒரு வீட்டில் எதிர்த்துப் பேச உரிமை வேண்டுமே, அதை அவள் மாதாமாதம் விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. டீ குடிக்கும் அறையில் இருந்த டிவியில் இதைப் பற்றிப் பெரிய விவாதம். கோட்டு போட்ட ஒருவர் இனி ஏழ்மை குறையும் என்றார். கோட்டு போட்ட இன்னொருவர் இனி வேலைகள்தான் குறையும் என்றார். இரண்டு கோட்டும் எங்களிடம் வருகிற துணி இல்லை, உலர்சலவைக்குப் போகிற துணி. எனக்கு முதலாமவரைப் பிடித்திருந்தது. கடைவாய்ப் பல் ஒன்று ரொம்ப நாளாக என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. அதைச் சரிபண்ணிவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டேன். ஒவ்வொருத்திக்கும் இப்படி ஒரு கணக்கு இருந்தது. அந்த வாரம் முழுக்க கூடத்தில் சிரிப்புச் சத்தம்தான்.

குட்டியின் கணக்கில் இருந்தது ஓர் அறை. பின்தெருவில் ஒரு வீட்டு மாடியில் தனி அறை காலியாக இருப்பதாக அவள் கேள்விப்பட்டிருந்தாள். பழைய கூலியில் அதைக் கனவுகூடக் காண முடியாது. புதுக் கூலியில் முடியும்.

"ஏன், நம்ம வீட்ல உனக்கு என்ன குறைச்சல்?" என்றாள் நீளக்கை, முனையைக் கொடுத்தபடி.

"உன் புருஷன் குறட்டை."

"உன் அண்ணன்தானே?"

"அதனாலதான் இவ்வளவு வருஷம் பொறுத்துக்கிட்டேன்."

நீளக்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விரிப்பை நழுவவிடப் பார்த்தாள். அடுத்த தடவை கிட்டே வந்தபோது குட்டி சிரிக்காமல் சொன்னாள். "உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுக்கிற மாதிரி ஒரு கதவு அண்ணி. அவ்வளவுதான். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

அந்த வீட்டுக்காரம்மா மத்தியானத்தில் வந்தால்தான் அறையைக் காட்டுவேன் என்றுவிட்டாள். மத்தியானம் எங்களுக்கு வேலை நேரம். எங்கள் கூடத்தில் மடிக்கிறவர்களை ஜோடியாகத்தான் கணக்கு வைப்பார்கள். அடுக்கு குறைந்தால் இரண்டு பேருக்கும் கூலி பிடிப்பார்கள். அதனால் ஒருத்திக்கு வயிற்றுவலி, தலைவலி என்றால் மற்றவள் சமாளிப்பது எங்களுக்குள் வழக்கம். சுவரோடு போகிற நீராவிக் குழாயில் இரண்டு துணிக்கிளிப்பை மாட்டி, அதைத் துணைக்கு ஆளாக வைத்துக்கொண்டு மடிப்போம். எல்லோரும் செய்வதுதான். அரைகுறையாக, கோணலும் மாணலுமாக, கொஞ்ச நேரத்துக்கு.

"நீ போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றாள் நீளக்கை.

அன்றைக்கு அவள் மடித்ததை நான் பார்த்தேன். இரண்டு முனை கிளிப்பில், இரண்டு முனை கையில். நடுமடிப்பைத் தாடையால் அழுத்திக்கொண்டு, அந்த நீளக் கைகளை விரித்து மூடினாள். ஒரு விரிப்பும் தரையைத் தொடவில்லை. நாத்தனார் இல்லாதது தெரியக்கூடாதே என்று வழக்கத்தைவிட வேகமாக மடித்தாள். அடுக்கு ஏறிக்கொண்டே போனது.

எங்கள் மேற்பார்வையாளருக்கு விசில் என்று பெயர் வைத்திருந்தோம். இடைவேளை முடிந்ததும் ஊதுவதைத் தவிர அவரிடம் வேறு சத்தம் கிடையாது. முகத்துக்கு நேரே சார். அவர் அப்போது அந்தப் பக்கமாக வந்தார்.

"குட்டி எங்க?"

"பாத்ரூம் சார்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கிளிப்பைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், மேலே இருந்த விரிப்பின் விளிம்பை விரலால் தடவினார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோம் என்று நீளக்கை என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நானும் கண்ணடித்தேன்.

குட்டி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

"ரூம் புடிச்சுதா?"

"பூட்டு வாங்கிட்டேன்."

"ரூமே இன்னும் கைக்கு வரல, அதுக்குள்ள பூட்டா?"

"புதுச் சம்பளம் வந்ததும் வர்றேன்னு சொல்லியாச்சு. ஜன்னல் இருக்கு அண்ணி. திறந்தா எதிர்வீட்டுச் சுவர்தான். ஆனா ஜன்னல்." சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீளக்கையின் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "ஒண்ணு உனக்கு. ஆனா கதவைத் தட்டிட்டுத்தான் வரணும்."

"போடி பெரிய மகாராணி" என்றாள் நீளக்கை. சாவியை மட்டும் பத்திரமாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

புதுக் கூலி நடைமுறைக்கு வந்த அன்று காலையில் நாங்கள் வேலைக்குப் போனபோது, மடிக்கும் மேசைக்கு எதிரே சுவர் நெடுக இரும்புக் கிளிப்புகள் பதித்திருந்தார்கள். துணிக்கிளிப் இல்லை. ஸ்பிரிங் வைத்த, பளபளப்பான, நல்ல கிளிப்புகள். ஆளுக்கு ஒரு ஜோடி. விசில் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. கூலி ஏறிவிட்டது, ஓட்டல்காரர்கள் ரேட்டை ஏற்ற மாட்டோம் என்கிறார்கள், முதலாளி வேறென்ன செய்வார், இனி மடிக்க ஒருத்தர் போதும். ஒருத்தரால் முடியும் என்பதை நாமே பார்த்துவிட்டோம் என்றார். அப்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் நீளக்கையைப் பார்த்தோம். அவள் கிளிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜோடியில் யார் இருப்பது, யார் போவது என்பதற்குப் பெரிய யோசனை ஒன்றும் தேவைப்படவில்லை. கை எட்டுகிறவள் இருப்பாள்.

"சார், ஒரு ஆள் கூலியை வச்சே நாங்க ரெண்டு பேரும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்தி மாத்தி வர்றோம்" என்றாள் நீளக்கை.

"வரலாம். அவளால முடியணுமே."

"முடியும் சார்" என்றாள் குட்டி.

எல்லோர் முன்னாலும் அவள் மடித்துக் காட்டினாள். ஒரு காலிப் பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிக்கொண்டாள். முதலில் எங்களுக்குச் சிரிப்புக்கூட வந்தது, அவளும் சிரித்தாள். இரண்டு முனையைக் கிளிப்பில் மாட்டினாள். மற்ற இரண்டையும் பிடித்துக் கையை விரித்தாள், முழுக்க விரித்தாள். போதவில்லை. நடுவில் விரிப்பு தொய்ந்து இறங்கி ஈரத் தரையைத் தொட்டது. தரையில் பட்ட விரிப்பு மறுபடி துவைக்கப் போகும், அது எங்கள் கூடத்தின் சட்டம். விசில் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த மட்டில் நியாயஸ்தர்தான். இந்தத் தடவை குட்டி கால்விரலில் எழும்பி நின்றாள். தாடையால் அழுத்தினாள். விரிப்பு மெல்ல நழுவியது. பின்னால் நின்ற நீளக்கையின் கைகள் தாமாகவே நீண்டு அந்த முனையைப் பிடிக்கப் போயின.

"நீ தொடாதே" என்றார் விசில்.

நீளக்கை கையை இழுத்துக்கொண்டாள். விரிப்பு தரையில் விழுந்தது.

குட்டி பெட்டியிலிருந்து இறங்கினாள். அதை எடுத்துப்போய் இருந்த இடத்திலேயே வைத்தாள். "சரி சார்" என்றாள். சாப்பாட்டு டப்பாவையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு மற்ற குட்டையர்களோடு வாசல்பக்கம் போனாள். யாரும் அழவில்லை. நான் அழுவேன் என்று எதிர்பார்த்தேன், எனக்கும் ஒன்றும் வரவில்லை. விசில் ஊதினார். நான் உருளையில் விரிப்பைச் செருகினேன். அது மறுபக்கம் வந்தது, நீளக்கை எடுத்தாள், கிளிப்பில் மாட்டினாள், மடித்தாள். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் பேச்சே இல்லை. அந்த இரைச்சல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

புதுக் கூலி வந்தது. சொன்னபடியே வந்தது, ஏமாற்றவில்லை. நான் பல்லைச் சரிசெய்துகொண்டேன். இப்போது இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறேன். கூலியை ஏற்றியிருக்கக் கூடாது என்று யாராவது என்னிடம் சொன்னால் சண்டைக்குப் போவேன். அந்தப் பல்வலியை வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும். குட்டியைப் பற்றி நினைக்காமல் அந்தப் பக்கம் மெல்ல முடியவில்லை என்பது வேறு விஷயம்.

குட்டி வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தாள். அடுத்த சலவைக்கூடத்திலும் அதே கிளிப். அதற்கடுத்ததில் மடிக்கவே இயந்திரம் வந்துவிட்டதாம். கொஞ்ச நாள் அலைந்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். சமைப்பது, துவைப்பது, பெருக்குவது எல்லாம் அவள் கைக்குப் போனது. பின்தெரு அறைக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். கூடத்தில் நிரந்தர ஆட்களுக்குச் சாமான் வைத்துப் பூட்ட ஆளுக்கொரு இரும்புப் பெட்டி கொடுத்தபோது, "இது சும்மாத்தானே கிடக்கு" என்று குட்டி அந்தப் பூட்டை அண்ணியிடம் கொடுத்துவிட்டாள். நீளக்கையின் பெட்டியில் இப்போது தொங்குவது அதுதான். அவள் அதைத் திறக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

வீட்டுக்குள் வருகிற மொத்தப் பணம் முன்னைவிடக் குறைவுதான், ஆனால் பட்டினி என்று சொல்ல முடியாது. அண்ணனும் குணம் கெட்டவர் இல்லை. நீளக்கையும் தங்கமானவள், வேலை இல்லாததைச் சொல்லிக் குட்டியைக் குத்திக்காட்டியதில்லை. பிரச்சினை வேறு என்று நீளக்கை ஒருநாள் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னாள்.

"அவ எங்கிட்ட சண்டையே போட மாட்டேங்கிறா."

"நல்லதுதானே?" என்றேன். என் வாய்க்கு நேரம் காலம் தெரியாது.

நீளக்கை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நேத்து வேணும்னே திட்டினேன். என்ன சமைச்சிருக்கே, உப்பே இல்லைன்னு. உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"அவ என்ன சொன்னா?"

"நாளைக்குப் பாத்துப் போடறேன் அண்ணின்னா." டீயைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "உன் நாக்குல கோளாறுன்னு முன்ன மாதிரி எரிஞ்சு விழுந்திருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன். முன்னெல்லாம் சாப்பிட உட்கார்ந்தா பெரிய துண்டு யாருக்குன்னு அடிச்சுக்குவோம். இப்ப அதை என் தட்டுல வச்சுட்டுத் தள்ளி நிக்கிறா. நீயும் உட்காருன்னா, அப்புறம் சாப்பிடறேங்கிறா. என் வீட்ல நான் முதலாளி ஆயிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு என் தாடை இருந்த மாதிரி இருந்தது அந்த முகம். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாததால் அதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

கூலி ஏறியதால் ஏழைகளுக்கு நல்லது நடந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு கூடத்துக்கு வந்தாள். நல்ல பெண். எங்களை எல்லாம் அக்கா என்றாள். உட்காரச் சொன்னாலும் எங்களுக்கு இடம் விட்டு நின்றுகொண்டாள்.

"சம்பளம் கூடியிருக்காக்கா?"

"கூடியிருக்கு" என்றாள் நீளக்கை.

"வேலை நேரத்தைக் குறைச்சாங்களா?"

"இல்ல."

"வீட்ல எத்தனை பேர் மாசச் சம்பளத்துக்குப் போறீங்க?"

"முன்ன நாங்க ரெண்டு பேர், இங்கதான்..."

"இப்ப இருக்கிறதை மட்டும் சொன்னாப் போதும்க்கா."

"நான் ஒருத்தி" என்றாள் நீளக்கை. அந்தப் பெண் அதைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தாள். நான் என் பல்லைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் கூடத்தில் அவள் கேட்ட ஒவ்வொருத்தியும் கூடியிருக்கிறது என்றுதான் சொன்னாள், அதில் ஒரு பொய்யும் இல்லை. கூடத்துக்குள் இருக்கிறவர்களைத்தானே அவள் கேட்க முடியும்.

போன விடுமுறை நாளில் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். அவர்கள் இருவரும் அங்கே இருந்தார்கள். கொடியில் அவர்கள் வீட்டுப் பெரிய விரிப்பு காய்ந்திருந்தது. குட்டி வாளியைக் கீழே வைத்துவிட்டு, பழக்கப்படி அந்தப் பக்கம் போய் நின்று, தன் பங்கு முனைகளுக்காக இரண்டு கையையும் நீட்டினாள்.

நீளக்கை அவளைப் பார்க்கவில்லை. கொடியில் இரண்டு முனையைக் கிளிப்போடு விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் பிடித்து, தாடையால் அழுத்தி, கையை விரித்து மூடினாள். அவ்வளவுதான், மடித்தாகிவிட்டது. வாளியில் வைக்கத் திரும்பியபோதுதான் கண்டாள். குட்டியின் கைகள் இன்னும் நீட்டியபடி இருந்தன. குட்டி அவற்றை மெல்ல இறக்கி, விரலைத் துடைத்துக்கொள்வது போலப் பாவாடையில் தேய்த்துக்கொண்டாள்.

நீளக்கை மடித்ததை உதறிப் பிரித்தாள்.

"சரியா வரல. வந்து பிடி."

குட்டி வந்து பிடித்தாள். இழுத்தார்கள், உதறினார்கள், நீளவாக்கில் மடித்தார்கள். நீளக்கை தன் பக்கத்தை வேண்டுமென்றே கோணலாக இழுத்தாள். எத்தனை விரிப்புப் பார்த்த கண் எனக்கு, மாடிப்படியில் நின்றே தெரிந்தது. ஒரு சாண் கோணல். அதே கோணலோடு குட்டியை நோக்கி நடந்துபோய், முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே நின்று காத்திருந்தாள்.

குட்டி விளிம்பைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

"சரியா இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டு, விரிப்பை வாளியில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.